தரைவீட்டு நாய்க்கு மின்வேலி போடலாமா?

கேட் திறக்கும்போதெல்லாம் நாய் ரோட்டுக்கு ஓடிவிடுகிறது, மின்வேலி உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வேண்டாம்.

நாய்க்கென்று விற்பது பெரும்பாலும் மண்ணில் புதைக்கும் ஒயர்தான். அருகே போனால் காலர் முதலில் பீப் அடிக்கும், அப்புறம் கழுத்தைத் தொடும் இரண்டு உலோக முனைகள் வழியே ஷாக் கொடுக்கும். சிங்கப்பூரில் குரங்குகள் வரும் புக்கிட் தீமா பக்கம் குரங்கைக் கண்ட நாய் அந்த வேகத்தில் ஷாக்கையும் தாண்டி ஓடிவிடும். திரும்பி வரத்தான் பயப்படும். வெளியிலிருந்து வரும் நாயையும் அது தடுக்காது. நம்மூர்ப் புழுக்கத்தில் காலரை நாள் முழுக்க மாட்டினால் கழுத்து புண்ணாகிவிடும், பாவம்.

கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்னக் கதவு வையுங்கள். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கட்டும். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் நாய் உரிமமும் இங்கே கட்டாயம்; அந்தப் பதிவில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.