அசையும் நகை, ஒளிரும் நகை: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் ஒரே அளவில் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்தது உலோகமும், அதற்குள் ஒளித்துவைக்கும் சின்ன விசைகளும் விளக்குகளும்தான். செயலி எழுதுவது, விற்பது, விலை போடுவது எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள்.

அக்கா, வெள்ளிப் பதக்கத்துக்குள் எல்இடி வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பேட்டரியிலிருந்து. அது எந்த வழியாக உள்ளே போகும், தீர்ந்தால் எந்த வழியாக வெளியே வரும் என்பதை வரைந்துவிட்டு அப்புறம் தகட்டை வெட்டுங்கள். நாணய வடிவப் பேட்டரிகளில் சிஆர் 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், பதக்கத்துக்குச் சரி, மோதிரத்துக்கு ஆகாது. சிஆர் 1220 என்றால் 12.5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன்தான், ஆனால் கொள்ளளவு ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும்.

அடுத்தது வேலையின் வரிசை. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஒரு மூலையில் சுடர் பட்டால் முழுப் பதக்கமும் சூடாகிவிடும், "அந்த ஓரத்தை மட்டும் லேசாகப் பற்றவைக்கிறேன்" என்பது நடக்கிற காரியமே இல்லை. வெள்ளிப் பற்றாசு (துண்டுகளை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை) உருக 700 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வேண்டும். எல்இடியோ 260 டிகிரியைச் சில விநாடிகள் தாங்கினாலே பெரிது. ஆகவே பற்றவைப்பு, அமிலக் குளியல், மெருகு எல்லாம் முடித்து, கழுவி, உள்ளே ஈரம் இல்லாமல் காயவைத்த பிறகே மின்பாகங்கள். அதற்கு மேல் எதை இணைத்தாலும் ரிவெட், திருகு, மடிக்கும் நாக்கு, அவ்வளவுதான். நெருப்பு முதலில், மின்சாரம் கடைசியில். இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஒன்று விட்டுப்போனது: உள்ளே வெற்றிடம் உள்ள எதையும் காற்றுத் துளை இல்லாமல் மூடிப் பற்றவைக்காதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் நீராவியாகி வெடிக்கும்.

மின்தடை கட்டாயம் வேண்டுமா? நேரே பேட்டரியில் வைத்தாலும் எரிகிறதே.

எரியும், நாணயப் பேட்டரியின் உள்தடை உங்களைக் காப்பாற்றுகிறது. ஆனாலும் போடுங்கள். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.9 வோல்ட் போதும். 3 வோல்ட் பேட்டரியில் மீதி 1.1 வோல்ட்டை 560 ஓம் தடையில் விட்டால் சுமார் 2 மில்லிஆம்பியர் ஓடும். கழுத்தில் தொங்கும் நகைக்கு இந்த வெளிச்சமே அதிகம். வெள்ளை, நீல எல்இடிகள் 3 வோல்ட்டை ஒட்டிக் கேட்பவை, பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே மங்கும். பேட்டரி சின்னதாக இருந்தால் சிவப்பு அல்லது மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள்.

சிஆர் 1220 எத்தனை நாள் வரும்?

சுமார் 35 மில்லிஆம்பியர் மணி. மேலே உள்ள 2 மில்லிஆம்பியரால் வகுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் வராது, மணிக் கணக்கில்தான் வரும். அதனால்தான் சுவிட்ச்.

சுவிட்சை எங்கே ஒளிப்பது?

இது நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த இடமும் கூட. நகையில் ஏற்கெனவே திறந்து மூடும் ஒரு பாகம் இருக்கிறது, பூட்டு. அதையே சுவிட்ச் ஆக்குங்கள். பெட்டிப் பூட்டில் உள்ளே நுழைகிற நாக்கு ஒரு தொடுமுனையைத் தொட்டால் விளக்கு எரியட்டும், கழற்றிவைத்தால் தானாக அணையட்டும். அணிபவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

நாக்கு எதனால் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) நல்ல ஸ்பிரிங் ஆகாது. பற்றவைத்த சூட்டில் முழுதாக இளகி, மடக்கினால் மடங்கினபடியே கிடக்கும். பற்றவைத்த பின் சுத்தியலால் தட்டி இறுக்கலாம், ஓரளவு விறைப்பு வரும். தொடுமுனைக்கு மட்டும் பாஸ்பர் வெண்கலத் தகடு வையுங்கள், ரிவெட்டால் பொருத்துங்கள், சுடர் காட்டாதீர்கள். பெரிலியம் செம்பு இதைவிட நல்ல ஸ்பிரிங்தான், ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அரம் போடுகிற மேசையில் அது வேண்டாம்.

காந்தமும், அது நெருங்கினால் இணையும் ரீட் சுவிட்சும் வைத்தும் செய்யலாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே வலு இழக்கத் தொடங்கும், அதுவும் நெருப்புக்குப் பிறகு வரவேண்டிய சாமான்தான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குக் காந்தம் வைத்த நகை செய்யாதீர்கள். கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்க வேண்டிய பொருளை நெஞ்சில் தொங்கவிடுவது நியாயமில்லை.

பேட்டரியில் ஒயரை நேரடியாகப் பற்றவைக்கலாமா?

கூடாது. பிடிப்பான் வையுங்கள்.

நான் நெக்லஸில் ஒயரே வைப்பதில்லை. பிடரியில் பேட்டரி, இடப்பக்கச் சங்கிலி நேர்முனை, வலப்பக்கச் சங்கிலி எதிர்முனை, கீழே பதக்கத்தில் விளக்கு. அழகாக எரிகிறது. இதை ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை?

ஏனென்றால் மேசையில் எரிவது கழுத்தில் எரியாது. சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. குனிந்தால் இழுவிசை போய்விடும், விளக்கு சிமிட்டும். வெள்ளி கறுப்பது சல்ஃபைடு படலத்தால். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. புதுச் சங்கிலியில் தெரியாத கோளாறு கறுத்த பிறகு தெரியும்.

அதைவிடப் பெரிய சங்கடம் வியர்வை. வியர்வை உப்புத் தண்ணீர். இரண்டு முனைகளும் ஈரத் தோலில் கிடந்தால் அங்கே மின்னாற்பகுப்பு நடக்கும். நேர்முனை வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலில் கறையாகப் படியும்.

(அதே நண்பர்) என் பதக்கம் கனமானது, சங்கிலி எப்போதும் விறைப்பாகவே இருக்கும். மேலே லாக்கரும் (வார்னிஷ் போன்ற பூச்சு) பூசியிருக்கிறேன்.

கனத்தை ஒப்புக்கொள்கிறேன். கனமான பதக்கத்தில் சிமிட்டல் குறையும், உண்மைதான். லாக்கரைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கண்ணிகள் தொடும் இடத்திலும் லாக்கர் இருந்தால் மின்சாரம் போகாது. அங்கே இல்லை என்றால் அந்த இடத்தில் வெள்ளி திறந்துதான் கிடக்கிறது. இரண்டில் எது உங்கள் சங்கிலி?

(இன்னொருவர்) 3 வோல்ட் யாரை என்ன செய்துவிடும்? அக்கா பயமுறுத்துகிறார்.

ஷாக் அடிக்காது தம்பி, அடிக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஈரத் தோலில் ஒரே திசையில் மணிக்கணக்காகச் சின்ன மின்னோட்டம் போனால், எதிர்முனையில் காரம் சேர்ந்து தோல் புண்ணாகும். குழந்தை விழுங்கிய நாணயப் பேட்டரி உணவுக்குழாயை 2 மணி நேரத்துக்குள் பொசுக்குவதும் இதே வேதியியலால்தான், அதே 3 வோல்ட்டில்தான். பேட்டரி அறையை விரலால் திறக்க முடியக்கூடாது, திருகு வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேரே மருத்துவமனை. வீட்டில் காத்திருந்து பார்க்கக்கூடாது.

(முதல் நண்பர்) சரி, ஒயர் தெரியாமல் அந்த அழகு வர வேறு என்ன வழி?

இப்போது பேசலாம். பின்னல் சங்கிலி எடுங்கள், கண்ணிக்குள் கண்ணி கோத்து உள்ளே குழல் போல வெற்றிடம் விடும் வகை. அதற்குள் எனாமல் பூசிய செம்புக் கம்பி, 0.2 மி.மீ. அளவில், இரண்டு இழை ஓடட்டும். கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இழுவிசையைச் சங்கிலி தாங்கட்டும், கம்பி தாங்கக்கூடாது. ஒரே இழைதான் நுழையும் என்றால் அதை நேர்முனையாக்கி, நகையின் உடலை எதிர்முனையாக வையுங்கள். தோலைத் தொடுவது ஒரே முனை என்றால் சுற்று முழுமையாகாது. நேர்முனையும் எதிர்முனையும் நெருங்கும் இடத்தில் ஈரம் புகாமல் பாருங்கள். ஈரத்தில் வெள்ளி ஒரு முனையிலிருந்து கரைந்து மறுமுனையில் மரக்கிளை போல வளர்ந்து பாலம் போட்டுவிடும். மின்னணுத் துறையில் இது பழைய தலைவலி.

உங்கள் ஆசையொன்றும் புதிதல்ல. 1860களில் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்ற மின்கருவிக் கண்டுபிடிப்பாளர், கண்ணை உருட்டித் தாடையை அசைக்கும், ஆடையில் குத்தும் மண்டையோட்டு ஊசி செய்தார். பேட்டரியை நகையில் வைக்கவில்லை, சட்டைப்பையில் வைத்து ஒயர் இழுத்தார். பேட்டரியை எங்கே வைப்பது என்ற தொல்லை அவரையும் விடவில்லை.

மோதிரத்தை மூடிய பிறகு கேஸ் டார்ச்சால் சின்னதாக ஒரு சூடு காட்டலாமா?

முதல் பதில்.

உள்ளே பேட்டரி இருக்கும்போதே ஓரத்தைப் பற்றவைக்க ஈரத்துணி சுற்றினால் போதுமா?

போதாது. சூடான லித்தியம் பேட்டரி வெடிக்கும், தீப்பிடிக்கும். முதல் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

வெள்ளி மோதிரத்துக்குள் என்எஃப்சி சிப் (போனை அருகில் காட்டினால் படிக்கிற சிப்) வைத்தேன், போன் கண்டுகொள்ளவே இல்லை.

மூடிய உலோக வளையம் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு எதிராகத் தனக்குள்ளேயே மின்னோட்டத்தைச் சுழற்றிப் புலத்தை அடித்துவிடும். வளையத்தில் ஒரு வெட்டு விடுங்கள், சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய ஃபெரைட் தாள் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் வகை) வையுங்கள், முகப்பில் கல்லோ மரமோ வரட்டும். முழு உலோகமும் வேண்டும், சிப்பும் வேண்டும் என்றால் முடியாது.

விளக்கைக் கட்டுப்படுத்த எந்த மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றும் சின்னச் சிப்)?

சிமிட்ட மட்டும் என்றால் ஏடிடைனி 85 போதும். நிரலுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

சுழலும் மோதிரம் சிக்கிக்கொள்கிறது.

உள்வளையமும் வெளிவளையமும் ஒரே இளகிய வெள்ளியா? ஒரே உலோகம் ஒன்றோடொன்று உரசினால் பிராண்டிப் பிடித்துக்கொள்ளும். ஒன்றைப் பித்தளையாகவோ தட்டி இறுக்கியதாகவோ வையுங்கள், நடுவில் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி விடுங்கள், மெருகு மாவைச் சுத்தமாகக் கழுவி எடுங்கள். பாதிச் சிக்கல் அந்த மாவுதான்.

எல்இடிக்கு வைத்த ஈயப் பற்றாசு வெள்ளியில் சிந்திவிட்டது. திரும்பச் சூடாக்கி எடுத்துவிடலாமா?

சூடாக்கவே கூடாது. சுடர் பட்டால் ஈயமும் தகரமும் வெள்ளியைத் தின்று குழி போட்டுவிடும். மின்பாகங்களைக் கழற்றிவிட்டு, சுரண்டி, அதன் கீழே உள்ள வெள்ளியையும் கொஞ்சம் சேர்த்து அராவி எடுங்கள். ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் அந்தத் துண்டை அறுத்து நீக்கிவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டியதுதான். அராவிய அரத்தில் அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள், வெள்ளி வேலைக்கு அது இனி உதவாது.