மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி: கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டில் மூட்டு நோய்களுக்கு வைத்தியம் பார்த்துவரும் மருத்துவர் ஒருவர், ஸ்டீராய்டு ஊசி குறித்துச் சுற்று வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

சென்னிமலை, கைத்தறி நெசவாளர், வயது 58: குழித்தறியில் மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கிக்கிடக்கிறது. முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார் எங்கள் டாக்டர். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது, ஐயா.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போட்டுக்கொள்கிற ஸ்டீராய்டு வேறு, இது வேறு. இது நம் அட்ரீனல் சுரப்பி அன்றாடம் சுரக்கும் கார்ட்டிசாலின் வகையைச் சேர்ந்தது, வீக்கத்தைத் தணிப்பதே இதன் வேலை. முட்டிக்குப் பெரும்பாலும் டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் போடுவார்கள். மருந்து மூட்டுக்குள் போனாலும் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கும் என்பதால், போட்ட சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறத் தொடங்கி, இரண்டு முதல் ஐந்து நாட்கள் வரையும் சிலருக்கு ஒரு வாரம் வரையும் உயர்ந்தே நிற்கலாம். அந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவையுங்கள். எவ்வளவுக்கு மேல் போனால் மாத்திரையையோ இன்சுலினையோ கூட்ட வேண்டும் என்பதை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால், அதைக் குறைத்த பிறகு ஊசி போட்டுக்கொள்வதே நல்லது.

ஊசி போட்ட நாளும் மறுநாளும் தறியில் இறங்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு நாள் வலி முன்பைவிடக் கூடலாம். ஐஸ் ஒத்தடத்தில் அடங்கிவிடும். அதையும் தாண்டி வலி ஏறிக்கொண்டே போனாலோ, முட்டி சிவந்து கொதித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கக்கூடும். அரிதாகத்தான் நேரும் என்றாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

திருப்பூர், பனியன் கம்பெனி டெய்லர், வயது 34: தோள்வலிக்கு ஓராண்டாக வாரம் ஒன்றிரண்டு முறை அக்கம்பக்கத்தில் 'வலி ஊசி' போட்டுக்கொள்கிறேன். போட்டால் ஷிப்ட் முடியும்வரை வலி தெரிவதில்லை. இப்போது முகம் உப்பிவிட்டது, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் தெரிகின்றன. என்ன ஊசி என்று சீட்டு எதுவும் தரவில்லை.

இன்று வந்த கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அந்த ஊசியில் டைக்ளோபினாக் என்ற வலி மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும் என்றே சந்தேகிக்கத் தோன்றுகிறது. 4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பிரெட்னிசோலோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டில் ஏறக்குறைய 25 மில்லிகிராமுக்குச் சமம். நம் உடல் ஒரு நாளைக்குத் தானே சுரப்பதோ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனை ஒட்டிய அளவுதான். வெளியிலிருந்து இவ்வளவு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். அந்த நிலையில் ஊசியைச் சட்டென்று விட்டால் கடுஞ்சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் 'இனிமேல் ஊசியே வேண்டாம்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். காலை எட்டு மணியளவில் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் மாத்திரையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, உள்ளே அடங்கிக்கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடும் என்பதால், நீண்ட நாள் இருமல் இருந்தால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ விடாத வலி இருந்தால், இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலைப்பகுதி சிதையத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வலி உடனே பறந்துபோவதை மருந்தின் நல்ல குணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊசி போட்டாலும் மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குவது உங்கள் உரிமை. எழுதித்தர மறுக்கும் இடத்தில் கையை நீட்டக் கூடாது.

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்: குதிகால் வலிக்கு மூன்றாவது ஊசி கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டார்.

அவர் மறுத்தது சரியே. குதிகாலில் திரும்பத் திரும்பப் போட்டால் அடிப்பாதத் தசைநார் அறுந்துபோகலாம், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பும் கரைந்துவிடும். கெண்டைக்கால் நீட்டிப் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும் மெதுவாகத்தான் பலன் தரும்.

கோபிசெட்டிபாளையம், ஒரு தாய்: மகளுக்கு 30 வாரம் நடக்கிறது. குறைமாதத்தில் வலி கண்டுவிடும் போலிருக்கிறது என்று சொல்லி டெக்ஸாமெத்தசோன் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்குக் கெடுதலா, டாக்டர்?

இல்லை, அம்மா. 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவம் நெருங்கும்போது, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தருவது இது. 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். கணக்கை முடிக்காமல் இடையில் வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். மகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் மட்டும் அடிக்கடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியை: ஆண்டுக்கு எத்தனை முறை போடலாம்? எனக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே மூட்டில் குறைந்தது மூன்று மாத இடைவெளி, ஆண்டுக்கு மூன்று நான்குக்கு மேல் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஆனால் அந்த வரம்புவரை போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை. முட்டித் தேய்மானம் உள்ள 140 பேருக்கு இரண்டாண்டுகள், 12 வாரத்துக்கு ஒருமுறை டிரையாம்சினோலோனையோ வெறும் உப்புநீரையோ செலுத்திப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது; வலியிலோ பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே நான் இதை மூட்டு வீங்கி வலி கூடிய காலத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்த மூட்டில் ஊசி வேண்டாம். போட்டால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். ஏற்கெனவே போட்டிருந்தால் தேதியை அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கரூர், செவிலியர்: டிரையாம்சினோலோன் குப்பியில் மருந்து அடியில் தங்கி நிற்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது கரைசல் இல்லை, நுண்துகள்கள் மிதக்கும் வெண்ணிறக் கலவை. நன்றாகக் குலுக்கி, உடனே ஊசிக்குழலில் ஏற்றி, மறுபடி படிவதற்குள் செலுத்த வேண்டும். குலுக்கிய பிறகும் கட்டிகட்டியாக நின்றால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள். உறைய விடவும் கூடாது. துகள் உள்ள இந்த மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் இரத்தக்குழாய் வழியே ஏற்றக் கூடாது. ஆகவே இரத்தக்குழாயில் ஏற்றும் டெக்ஸாமெத்தசோன் குப்பியோடு ஒரே தட்டில் இதை வைக்காதீர்கள்.