வணிக நுண்ணறிவுக் கருவிகள்: வந்த வழியும் இனிச் செல்லும் வழியும்

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே பதில் கிடைத்துவிடும் காலத்தில் வணிக நுண்ணறிவுக் கருவிகளுக்கு, அதாவது நிறுவனத்தின் தரவை அறிக்கைகளாகவும் வரைபடங்களாகவும் காட்டும் மென்பொருள்களுக்கு, இனி வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும், ஆனால் அது திரையில் தெரியும் வரைபடங்களைச் சார்ந்து இருக்காது என்று கருதுகிறேன்.

1958-இல் ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 'வணிக நுண்ணறிவு அமைப்பு' பற்றி எழுதியபோது, அவர் எண்ணியது வரைபடங்களை அன்று. வந்துசேரும் ஆவணங்களைச் சுருக்கி, யாருக்குத் தேவையோ அவரிடம் தானாகவே சேர்க்கும் ஓர் ஏற்பாட்டை. மனித மொழியைப் படித்து எழுதும் செயற்கை நுண்ணறிவான இன்றைய மொழி மாதிரிகளின் பணி அந்தப் பழைய கனவுக்கு வியப்பூட்டும் அளவுக்கு அருகில் இருக்கிறது.

1990-களில், நிறுவனத்தின் பல்வேறு தரவுகளை ஓரிடத்தில் திரட்டிவைக்கும் தரவுக் கிடங்குகள் பரவின. அக்காலத்து பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் மென்பொருளில் 'யூனிவர்ஸ்' என்றொரு அடுக்கு இருந்தது. 'வருவாய்', 'வாடிக்கையாளர்' போன்ற வணிகச் சொற்கள் எந்த அட்டவணையின் எந்த நெடுவரிசையிலிருந்து எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்பதை அங்கே ஒருமுறை வரையறுத்துவிட்டால், எல்லா அறிக்கைகளும் அதையே பின்பற்றும். குறை என்னவென்றால், சிறு மாற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் காத்துக்கிடக்க வேண்டும். 2003-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றிலிருந்து பிறந்த டேப்லோ மென்பொருளும், 2015-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாஃப்டின் பவர் பிஐயும் அந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்து, எவரும் தாமே அறிக்கை தயாரிக்கலாம் என்ற நிலையை உருவாக்கின.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. நான் பணியாற்றிய ஓர் இடத்தில், ஒரே மாதத்தின் விற்பனைக்கு இரண்டு பிரிவுகள் இரண்டு தொகைகளைக் கொண்டுவந்தன. ஒரு பிரிவு ஆர்டர் பெற்ற தேதியை வைத்துக் கணக்கிட்டது. மற்றது பில் போட்ட தேதியை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்த சரக்கையும் கழித்திருந்தது. இரண்டு கணக்குமே சரி. 'விற்பனை' என்றால் என்ன என்பதை மட்டும் எவரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. அதைக் கண்டறிவதற்கே பல நாட்கள் ஆயின.

மொழி மாதிரி ஒன்று நம் கேள்வியை, தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் (SQL) மொழியின் வினவலாக மாற்றும்போதும் இதே சிக்கல்தான் எழுகிறது. எந்தத் தேதி, எந்த நெடுவரிசை என்று சொல்லப்படாவிட்டால் அது ஊகிக்கும். அந்த ஊகத்தின் விடையையும் திருத்தமான வாக்கியத்தில் தரும் என்பதால், தவறு எளிதில் கண்ணில் படாது. ஆகவேதான், 'யூனிவர்ஸ்' போல வணிகச் சொற்களை ஓரிடத்தில் வரையறுக்கும், பின்னர் வந்த லுக்கர் முதலிய கருவிகள் மீட்டெடுத்த அந்தப் பொருள்வரையறை அடுக்கு இனி மையத்துக்கு வரும் என்று நம்புகிறேன்.

புதிய கருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு நான் சொல்வது இரண்டு. வரையறைகளை ஓரிடத்தில் எழுதி, அவற்றில் செய்த மாற்றங்களின் வரலாற்றையும் வைத்துக்கொள்ள அது இடம் தருகிறதா என்று பாருங்கள். அது தரும் ஒவ்வொரு பதிலின் பின்னாலும் ஓடிய வினவலைத் திறந்து காட்டுகிறதா என்றும் பாருங்கள்.