திறமையை மட்டும் பார்த்தும் டீம் முழுக்க ஒரே மாதிரி ஆட்கள் ஏன்?

கேள்வி: "எங்கள் மென்பொருள் டீமில் திறமையை மட்டும் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறோம். ஆனாலும் பெண்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு கோடிங்கில் ஆர்வமில்லையா?"

ஆர்வத்தைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பாருங்கள். விண்ணப்பம், ரெஸ்யூமே வடிகட்டல், போன் சுற்று, நேர்காணல், ஆஃபர் என ஒவ்வொரு கட்டத்திலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஓராண்டுக்கு எடுங்கள். பத்துப் பேரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விண்ணப்பத்திலேயே குறைவு என்றால் விளம்பரத்தையும் ரெஃபரலையும் பாருங்கள்; தெரிந்தவர் தெரிந்தவரையே கூட்டி வருவார். நேர்காணலில் சரிந்தால் கோளாறு உங்கள் அறைக்குள்தான்.

அங்கே பெரும்பாலும் கெடுப்பது "நம்ம டீமுக்கு செட் ஆவாரா?" என்ற கேள்வி. 'நம்மைப் போல இருக்கிறாரா' என்பதுதான் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். 1 முதல் 4 வரை மதிப்பெண். எந்த மாதிரிப் பதிலுக்கு 3, எதற்கு 4 என்பதை நேர்காணலுக்கு முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக, பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் காரணத்தைச் சொன்னால் 3, மறுபடி வராமலிருக்க டெஸ்டும் எழுதினால் 4. கலந்து பேசும் முன் ஒவ்வொருவரும் மதிப்பெண்ணைப் பதிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவர் வாய் திறந்ததும் மற்றவர்களின் எண்ணும் அந்தப் பக்கம் சாயும்.

ரெஸ்யூமேயில் பெயரை மறைத்தால் போதும் என்பது பாதி மருந்துதான். ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண் போட அமேசான் சோதித்த ஒரு மென்பொருள், பத்தாண்டுகளில் வந்து சேர்ந்த ரெஸ்யூமேக்களில் பயின்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, 'பெண்கள் செஸ் கிளப்' போன்ற சொற்கள் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அதைக் கைவிட்ட செய்தி 2018இல் வெளியானது. பெயர் போனாலும் கல்லூரி, கிளப், வேலை இடைவெளி எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

ஆர்வ விஷயத்துக்கு வருகிறேன். 1940களில் எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்த முதல் குழு ஆறு பெண்கள். யாரோடும் ஒட்டாத ஆண்தான் நல்ல புரோகிராமர் என்ற படம் பின்னால் வந்தது. 1960களில் ஆளெடுப்புக்குப் பயன்பட்ட ஆளுமைத் தேர்வுகளுக்கும் அதில் பங்குண்டு.

இன்னொன்று: டீமில் இருக்கும் ஒரே பெண்ணை எல்லா நேர்காணல் குழுவிலும் உட்கார வைக்காதீர்கள். அவர் கோடு எழுதும் நேரம் போகும், அப்ரைசலில் அடி அவருக்கு விழும். உட்கார வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த மணிநேரங்களை அவருடைய ஸ்பிரிண்ட் (ஓரிரு வார வேலைச் சுற்று) கணக்கிலிருந்து கழியுங்கள்.