காதுல கோளாறு இல்ல, அது ஜான் லெனன் சிரிப்புதான்

கேள்வி: இங்கிலாந்து இசைக்குழு பீட்டில்ஸோட 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை அப்பாவோட சிடியில சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவ நான். இப்ப மெட்ரோவுல இயர்போன் மாட்டிக் கேட்டா கடைசி சரணத்துல அந்தக் குழுவோட பாடகர் ஜான் லெனன் வார்த்தைய மாத்திப் பாடிட்டு சிரிக்கிற மாதிரி கேக்குது. சிடியில அப்படி இல்லவே இல்லையே, என் காதுல ஏதாவது கோளாறா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: காதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, சொல்லப்போனா ரொம்பக் கூர்மையான காது. 1987ல அவங்களோட முதல் நாலு ஆல்பமும் சிடியா வந்தப்ப மோனோவுலதான், அதாவது ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் வர்ற மாதிரிதான் வந்துச்சு, அப்பாகிட்ட இருக்கிறது அதுவாத்தான் இருக்கணும். போன்ல நீங்க கேக்கிறது ஸ்டீரியோ, இடது காதுக்கு ஒண்ணு வலது காதுக்கு ஒண்ணுன்னு சத்தத்தைப் பிரிச்சு வெச்சது. ரெண்டும் ஒரே பாட்டுதான், ஆனா ஸ்டீரியோவுக்குப் பதிவுகள மிக்ஸ் பண்ணிச் சேர்க்கிறப்ப வேற டேக்குகள, அதாவது வேற தடவை பாடிப் பதிவு பண்ணினத, ஒட்டிச் சேர்த்திருக்காங்க, அதுல ஒன்றரை நிமிஷம் வர்ற இடத்துல ஜானும் கூடப் பாடுற பால் மெக்கார்ட்னியும் ஆளுக்கொரு வார்த்தை பாடிடுறாங்க, உடனே அடுத்த 'கம் ஆன்'ல ஜானுக்கு சிரிப்பு அடக்க முடியல. அப்ப இங்கிலாந்துல வாங்கினவங்க பெரும்பாலும் மோனோதான் வாங்கினாங்க, கவனமெல்லாம் அதுக்குத்தான் போச்சு. 1964ல வந்த 'இஃப் ஐ ஃபெல்' பாட்டும் இதே கதைதான், ஸ்டீரியோவுல பால் மெக்கார்ட்னியோட குரல் ஒரு இடத்துல உடையும், மோனோவுல உடையாது.

இதெல்லாம் தப்புன்னு திருத்தணுமான்னா, கூடவே கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். ரோலிங் ஸ்டோன்ஸ்ங்கிற இன்னொரு இங்கிலாந்து குழுவோட 'கிம்மி ஷெல்டர்' (1969) கேளுங்க. மெர்ரி க்ளேட்டன்னு ஒரு பாடகி, நிறைமாசத்த நெருங்குற வயிறோட, ராத்திரி தூங்கப் போன நேரத்துல கூப்பிட்டு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவுக்கு வரவெச்சிருக்காங்க, தலையில முடி சுருட்டுற சுருள் மாட்டினது மாட்டினபடியே வந்து பாடியிருக்காங்க. மூணு நிமிஷம் நெருங்குறப்ப உச்சஸ்தாயியில குரல் கிழியுது பாருங்க, அந்தக் கிழிசலுக்கு நடுவுல பின்னாடி அந்தக் குழுவோட பாடகர் மிக் ஜாகர் தன்னை மறந்து ஒரு கூச்சல் போடுறது மெல்லிசா கேக்கும், எனக்கு இன்னிக்கும் அந்த இடத்துல புல்லரிக்கும். இன்னொரு டேக் சுத்தமா எடுத்து ஒட்டியிருந்தா அந்தக் கூச்சலும் போயிருக்கும்.

இதெல்லாம் வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டா மிக்ஸி சத்தத்துலயும் தெருவுல போற ஆட்டோ சத்தத்துலயும் அமுங்கிடும், இயர்போன்லதான் மாட்டும். அப்பாவோட சிடிய மட்டும் பழைய சாமான்காரருக்குப் போட்டுடாதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை அவரையும் பக்கத்துல உக்கார வெச்சு ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் காட்டுங்க, அவர் எந்த இடத்துல நிமிர்ந்து உக்காருறார்னு எனக்கு எழுதுங்க.