தெருச் சாலையின் கணக்கை மாநகராட்சியிடம் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுவிட்டார்கள். வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ‘ஏன் சுரண்டவில்லை? யார் பொறுப்பு?’ என்று மாநகராட்சிக்கு ஆர்.டி.ஐ. மனு போட்டேன். ‘தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில். அடுத்து என்ன செய்யலாம்? (வாசகர், சென்னைப் புறநகர்)

பதில்: எரிச்சலூட்டும் பதில்தான். ஆனால் சட்டப்படி அவர்களை மடக்குவது கடினம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைக் கேட்கும் உரிமையைத்தான் தருகிறது. ‘ஏன் செய்யவில்லை’ என்பதற்குப் புதிதாக உட்கார்ந்து விளக்கம் எழுதித் தரவேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 2011இல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அதனால் இந்தப் பதிலை எதிர்த்து மேல்முறையீடு செய்து மாதங்களைக் கரைக்காதீர்கள். பத்து ரூபாய்க்கு இன்னொரு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் புதிய மனு போடுங்கள். இந்த முறை கேள்வி கேட்காமல், ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் தெருவுக்கு முக்கியமானவை மூன்று. ஒன்று, பணியின் மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். பழைய சாலையைச் சுரண்டும் வேலை (மில்லிங்) அதில் தனி இனமாக இருக்கும், அல்லது இருக்காது. இரண்டு, அளவுப் புத்தகம். பொறியாளர்கள் எம்.புக் என்பார்கள். மூன்று, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில்.

மூன்றில் எம்.புக்தான் உயிர். வேலை முடிந்ததும் உதவிப் பொறியாளர் நேரில் அளந்து தன் கையெழுத்தோடு பதியும் புத்தகம் அது. இந்த அளவை வைத்துத்தான் பில் போடுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் என்று கட்டங்கள். உதாரணத்துக்கு, 120 மீட்டர் தெரு, 3.6 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம் என்றால் 17.28 கன மீட்டர் தார்க் கலவை என்று எழுதியிருப்பார்கள். நீளத்தையும் அகலத்தையும் நீங்களே டேப் வைத்துச் சரிபார்த்துவிடலாம். கனம்தான் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் வழி உண்டு: சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நகல் வாங்குவதோடு, பணியை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை.

ஆவணம் கைக்கு வந்ததும் விஷயம் இரண்டில் ஒன்றாகப் பிரியும். எஸ்டிமேட்டில் மில்லிங் இருந்து, எம்.புக்கிலும் சுரண்டியதாகப் பதிந்து, பில்லும் பட்டுவாடா ஆகியிருந்தால், செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கிறது. மாநகராட்சி ஆணையருக்கும், லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் நகல்களோடு புகார் கொடுக்கலாம். உங்கள் வாசல்படியின் புகைப்படமே பாதி சாட்சி. எஸ்டிமேட்டிலேயே மில்லிங் இல்லையென்றால் ஒப்பந்ததாரரைத் திட்டிப் பயனில்லை; மதிப்பீடு போட்டவரும் அனுமதித்தவரும்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய அடுக்கைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவு அனுப்பியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டிப் புகார் எழுதுங்கள்.

மனுவில் வார்டு எண், தெருப் பெயர், சாலை போட்ட மாதம் மூன்றும் இருக்கட்டும். ‘இந்தத் தெருவின் தார்ச்சாலைப் பணிக்கான அனுமதிக்கப்பட்ட மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பில், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும், கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும்’ என்று எழுதினால் போதும். கோபம், வருத்தம், வரலாறு எதுவும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. பார்வையிடுவதை நான் வலியுறுத்துவது ஏனென்றால், நகலில் விட்டுப்போன பக்கம் கோப்பில் கண்ணில் படும். முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், அது அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை கணக்கில் சேராது. அதனால் உடனே கட்டிவிடுங்கள். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகவே தர வேண்டும். ‘ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம்’ என்று மறுத்தால் மசிய வேண்டாம். முடிந்துபோன வேலையின் அளவிலும் பில்லிலும் என்ன ரகசியம்? அப்படியே ஏதாவது இருந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது பிரிவு 10.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, 30 நாளுக்குள் அதே மாநகராட்சியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர் தன் கையிலிருந்து அபராதம் கட்ட நேரலாம். ஆனால் ஆணையத்தில் காத்திருப்பு நீளம். அதற்குள் உங்கள் வார்டின் ஏரியா சபைக் கூட்டம் (கிராம சபை போல, பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) நடந்தால், இருக்கும் காகிதங்களோடு போய்ப் பேசுங்கள். 2022 நவம்பர் முதல் தமிழக நகரங்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன; கவுன்சிலர் முன்னால் கேட்டது தீர்மானப் பதிவில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள். போட்ட சாலையில் குறை வந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் நகலையும் இதே மனுவில் கேட்டு, தேதி முடிவதற்குள் புகாரைக் கொடுத்துவிடுங்கள்.