மகளுக்கு ஓர் ஆண்டுக் கடிதம்: கொடுக்கலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 34 வயது. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குச் செல்பவர்கள். மூத்த பேரனுக்கு ஐந்து வயது; இளைய பேத்திக்கு இப்போதுதான் ஒரு வயது நிறைவடைந்தது. கணவரை இழந்து தனியாக வசிக்கும் நான், பேத்தி பிறந்ததிலிருந்து மாதத்துக்கு ஒரு வாரம் மகள் வீட்டில் தங்கி உதவி வந்தேன். பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அந்தக் குறிப்புகளைத் தொகுத்து மகளுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். குழந்தையின் முதல் சிரிப்பு, தவழத் தொடங்கிய நாள், மாப்பிள்ளை இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. என் வருத்தங்களும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலேயே திட உணவு கொடுக்கலாம் என்றேன்; மகள் மறுத்தாள். நாக்கில் ஒரு துளி தேன் வைக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். குப்புறப் படுக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்றதையும் கேட்கவில்லை. எட்டாம் மாதத்தில் பேத்தி என்னைக் கண்டதும் வீறிட்டு அழுதாள். பேரன் மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கினான். அதற்காக அவனைக் கடிந்துகொண்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் வீட்டு வேலையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை. முதல் மூன்று மாதங்கள் மகள் சிரித்தே நான் பார்க்கவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்காமல் கிடந்தாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுங்கள் அம்மா. ஆனால் இப்போது இருக்கும் வடிவில் கொடுக்க வேண்டாம். நீங்கள் கண்டவை, கண்டவற்றிலிருந்து நீங்களாக முடிவு கட்டியவை என இரண்டு கடிதங்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. முதலாவதை எழுத உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பெரும்பாலானோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவுகள் எதுவும் தங்குவதில்லை. ஆகவே உங்கள் பேத்தியிடம் இந்த ஆண்டைப் பற்றி ஒரு நினைவும் இருக்காது. பெற்றோரோ உறக்கம் கெட்டுப் போன ஓராண்டில் எது எந்த மாதம் நடந்தது என்று சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை வந்து, சற்று விலகி நின்று பார்த்து, அன்றன்றைக்கே எழுதியும் வைத்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

இரண்டாவது கடிதத்தில் உள்ள வருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்; அவற்றில் பாதி உங்களுக்கும் மகளுக்கும் இடையிலானவையே அல்ல. நான்காம் மாதத்துத் திட உணவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டும் போதும், அதன் பிறகு இணை உணவு தொடங்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாக இருந்தது. 2001-இல்தான் அது முழு ஆறு மாதம் என்று மாற்றப்பட்டது. அன்று நீங்கள் செய்தது அன்றைய மருத்துவத்தின்படி சரி. இன்று அவள் செய்வது இன்றைய மருத்துவத்தின்படி சரி. படுக்க வைக்கும் முறையும் அப்படித்தான்: பல நாடுகளில் மருத்துவர்களே நெடுங்காலம் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள், உறக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் குழந்தை இறப்புகள் குப்புறப் படுக்கும் குழந்தைகளிடம் அதிகம் என்பது தெரிந்த பிறகு, பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரங்கள் தொடங்கின, அதைத் தொடர்ந்து அத்தகைய இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது என்று நீங்கள் கண்டது பொய்யில்லை. அந்த ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எளிதில் விழித்துக்கொள்ள முடியாமல் போவதுதான் ஆபத்துக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

தேன் விஷயத்தில் மட்டும் நான் முழுமையாக உங்கள் மகள் பக்கம். தேனில் சில வேளைகளில் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்க முடியும். குழந்தைகளுக்கு இப்படி ஒரு நோய் வருகிறது என்பதே 1976-இல்தான் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது. கையைத் தட்டிவிட்டது உங்களுக்கு வலித்திருக்கும். ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நொடியில் சொல்லைவிடக் கை முந்திக்கொள்வது எந்தத் தாய்க்கும் இயல்பு. கடிதத்திலிருந்து அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

உங்கள் மகளை நீங்கள் வளர்த்த விதத்தோடு இந்த ஆண்டை ஒப்பிடும் வரிகள் கடிதத்தில் இருந்தால், அவற்றையும் ஐயத்தோடு படித்துப் பாருங்கள். 1963-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம் பாலூட்டல், பால் மறக்கடித்தல், கழிப்பறைப் பழக்கம் முதலியவற்றைப் பற்றிக் கேட்டு, அவர்களே முன்பு சொல்லிப் பதிவான விவரங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் பலருக்கும் நினைவு பிசகியிருந்தது. அதிலும், அந்தப் பிசகு அன்றைய நிபுணர்கள் எதைச் சரி என்று சொன்னார்களோ அந்தப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலான நம் நினைவு எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘உன்னை நான் ஒருபோதும் அழவிட்டதில்லை’ என்று மகளிடம் சொல்லும் பாட்டிமார்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் ஒருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர்.

எட்டாம் மாதத்து அழுகையை நீங்கள் வருத்தங்களின் பட்டியலிலிருந்து எடுத்துப் பேத்தியின் வளர்ச்சிகளோடு சேர்த்து எழுத வேண்டும். குழந்தை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்குவது ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குள். அன்றாடம் பார்க்கும் முகங்களையும் அவ்வப்போது வரும் முகத்தையும் பிரித்தறியும் திறன் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். மூன்று வாரம் காணாமல் போய் வரும் பாட்டி, பேத்தியின் அந்தக் கணக்கில் புதியவர்தான். அடுத்த முறை வாசலில் நுழைந்ததும் கையை நீட்டித் தூக்கப் போகாமல், மகளருகே அமர்ந்து பேசிக்கொண்டிருங்கள். அவளே தவழ்ந்தோ தளர்நடை போட்டோ உங்களிடம் வருவாள்.

பேரனைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த குழந்தை பழைய நிலைக்குத் திரும்புவது, அதாவது மழலை பேசுவது, ஊட்டிவிடச் சொல்வது, படுக்கையை நனைப்பது எல்லாம் எங்கும் காணப்படுபவை. இப்படி எந்த மாற்றமும் நேராத ஐந்து வயதுக் குழந்தைகளிலேயே ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் உறக்கத்தில் படுக்கையை நனைக்கிறார்கள். கடிந்துகொள்வதால் அது நிற்காது. நெடுநாள் நின்றிருந்து மீண்டும் தொடங்கியதால் ஒருமுறை குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் போன்ற காரணங்கள் உண்டா என்று அவர் பார்த்துவிடுவார். இதை மகளிடம் நேரில் சொல்லுங்கள், ‘திட்டாதே’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு.

அதோடு இன்னொன்றும் உண்டு. வடக்குத் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆய்வு செய்தார்கள். பால் மறந்த குழந்தையின் எடை எவ்வளவு கூடுகிறது என்பது, வழக்கமாகத் தாய் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறாள் என்பதைப் பொறுத்திருந்தது. வீட்டில் அடுத்த குழந்தை பிறந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்து, பாட்டி எவ்வளவு நேரம் உணவு தேடுகிறாள் என்பதைப் பொறுத்ததாக மாறியது. மனிதப் பெண்கள் மகப்பேற்று வயதைக் கடந்த பிறகும் நெடுங்காலம் வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு ஹாக்ஸ் முன்வைத்த விளக்கத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. அந்த விளக்கத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. இருந்தாலும் நம் வீடுகளுக்கு அதில் நேரடியான செய்தி ஒன்று கிடைக்கிறது. பச்சைக் குழந்தை பிறந்த வீட்டில் பாட்டிக்குரிய பொறுப்பு மூத்த பிள்ளையிடம் இருக்கிறது. மாதத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஏழு நாட்களில், தங்கையைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்து அவனுக்குக் கொடுங்கள்.

இனி, கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவதும் மனம் தளர்வதும் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். மூன்று மாதம் சிரிக்காமல் இருந்ததும், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராமல் கிடந்ததும் அந்த வகையைச் சேர்ந்தவை ஆகாமல் போகலாம். அண்மையில் பிரசவித்த பெண்களில் உலக அளவில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், கவனிக்காமல் விட்டால் நீடிக்கலாம், சிகிச்சையால் குணமாகலாம். உங்கள் மகளுக்கு இருந்தது அதுதான் என்று நானோ நீங்களோ சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்கலாம். ‘அந்த மூன்று மாதம் நீ மிகவும் கஷ்டப்பட்டதை நான் பார்த்தேன், அப்போது கேட்கவில்லை. இப்போது எப்படி இருக்கிறாய்?’ என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். அவள் இன்னும் தளர்ந்தே இருந்தால் மருத்துவரிடம் போக ஊக்கப்படுத்தி, அந்த நேரத்தில் குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கணவனும் மனைவியும் வீட்டு வேலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறார்கள் என்ற வரியை நீக்கிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், அதுவும் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வாரத்தில், அவர்கள் வேறென்ன பேசிவிட முடியும்? நீங்கள் இல்லாத மூன்று வாரங்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாறாக, இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் நடந்த மாப்பிள்ளையை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். அதை இன்னும் விரிவாக எழுதுங்கள்: எந்த மாதம், குழந்தைக்கு அன்று என்ன, அவர் என்ன முணுமுணுத்துக்கொண்டு நடந்தார், மகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாளா என்பது வரை. தூங்கிக்கொண்டிருந்தாள் என்றால் அவளுக்கு அது இன்றுவரை தெரியாமலே இருக்கலாம்.

கடிதத்தின் மேல் இருவர் பெயரையும் எழுதுங்கள். தேதிகளை நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடியே போடுங்கள். பிறந்த எடை ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மடங்காவதும், உயரம் 25 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுவதும் பொதுவான வளர்ச்சி. உங்கள் பேத்தியின் அளவுகள் மருத்துவக் குறிப்பேட்டில் இருக்கும், மகளிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தால் கடிதத்தில் அவள் பங்கும் இருக்கும். கொடுத்த பிறகு ‘படித்தாயா?’ என்று கேட்க வேண்டாம். ஒரு வயதுக் குழந்தையை வைத்திருப்பவள் அதைப் படிக்க ஒரு மாதம்கூட ஆகலாம்.

கேள்வி: மகள் குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது. இந்த ஓராண்டாகப் பேரனைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்து வருகிறேன். அவனுக்குப் பதினான்கு மாதம். திரையே காட்டக் கூடாது என்கிறார்களே, நான் பேசுவதும் தவறா?
– ஒரு தாத்தா

பதில்: ஒன்று, ஒன்றரை வயது வரை குழந்தைகள் திரை முன் உட்கார்ந்து நேரம் போக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களோடு ஒத்த கருத்துதான். ஆனால் 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் திரையிலிருந்து விலக்கி வைக்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், உறவினரோடு நேரலையில் முகம் பார்த்துப் பேசுவதற்கு 2016-இல் விலக்கு அளித்தது. காரணம், நீங்கள் அவனுக்குப் பதில் சொல்கிறீர்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்துச் செய்த, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், நேரலையில் தமக்குப் பதில் சொன்னவரிடமிருந்து அவர்கள் புதுச் சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. எனவே அவன் கையை ஆட்டினால் நீங்களும் ஆட்டுங்கள், அவன் போட்ட சத்தத்தையே திருப்பிப் போடுங்கள், அவன் எழுந்து போய்விட்டால் மகளைவிட்டு இழுத்து வரச் சொல்லாதீர்கள். சில நிமிடங்கள் போதும். மீதி நேரம் மகளோடு பேசுங்கள்.

கேள்வி: மகள் வீட்டு நடப்புகளைச் சம்பந்தி வீட்டார் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். பேரக்குழந்தைகளைப் பற்றித்தானே, சொன்னால் என்ன?
– ஒரு வாசகி

பதில்: அவர்களுக்கும் அவர்கள் பேரக்குழந்தைகள்தான், தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் மகளும் மாப்பிள்ளையும். உங்கள் வழியாகப் போகும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் என்பது ‘அவர்களிடம் சொன்னார்கள், எங்களிடம் சொல்லவில்லை’ என்றுதான் அங்கே போய்ச் சேரும். ‘நலமாக இருக்கிறார்கள், நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்களேன், சந்தோஷப்படுவார்கள்’ என்று சொல்லி, சம்பந்தியம்மாவின் உடல்நலத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள்.